சாவி எங்கே மாட்டியிருக்கிறது?

கேள்வி: ஐயா, தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. எங்கள் வீடு மூன்றாவது மாடியில். நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், முழங்கால் வலியால் மெதுவாக நடக்கும் மாமியார். போன மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, மாடிப்படிக்கு அடியில் மின் மீட்டர்களுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர் தீப்பிடித்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. எங்கள் வீட்டு கிரில் கேட்டின் பூட்டைத் திறக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று. அதற்குள் கீழ்வீட்டுக்காரர்கள் மணலும் தண்ணீரும் போட்டு அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்? தீயணைப்புத் துறையினர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? மாமியார் இரண்டாவது சிலிண்டரையும் சமையலறையிலேயே வைக்கச் சொல்கிறார். அது ஆபத்தா? என் கணவரோ, "கான்கிரீட் வீட்டில் எரிய என்ன இருக்கிறது?" என்கிறார்.

பதில்: அம்மா, நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "கிரில் கேட்டின் பூட்டைத் திறக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று." இதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தீயணைப்புத் துறையில் இருந்துவிட்டு நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கண் எரியும் புகையில், டிவி மேலா, சாமி அலமாரியா, கணவரின் சட்டைப் பையா என்று சாவியைத் தேடுகிற நேரம் அது. பல வீடுகளில் நாங்கள் போய்ப் பார்த்தபோது தீ சமையலறையைத் தாண்டியிருக்காது. ஆனால் ஆட்கள் பூட்டிய கதவின் உள்பக்கம் விழுந்து கிடப்பார்கள்.

ஆகவே முதல் வேலையை இன்று இரவே செய்யுங்கள். செலவு ஓர் ஆணி. கிரில் கேட்டுக்கு உள்ளே, வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், உங்கள் மகனுக்கு எட்டும் உயரத்தில் அந்த ஆணியை அடித்துச் சாவியை மாட்டுங்கள். அது அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, மகனைப் படுக்கையிலிருந்து எழுந்துவந்து பூட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். விளையாட்டாகவே செய்யலாம். பூட்டு துருப்பிடித்து மக்கர் செய்கிறது என்றால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

இரண்டாவது சாவி மொட்டை மாடிக் கதவுடையது. துணி திருடு போகிறது, பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று சங்கத்துச் செயலாளர் அதைப் பூட்டிச் சாவியைத் தன் வீட்டில் வைத்திருப்பார். எல்லாக் குடியிருப்பிலும் இதே கதைதான். கீழே எரிந்தால் புகை மேலேதான் போகும். மேலே கதவு பூட்டியிருந்தால் உங்கள் மாடியில், உங்கள் வாசலுக்கு எதிரிலேயே தேங்கும். கதவு திறந்திருந்தால் புகைக்கும் வழி கிடைக்கும், உங்களுக்கும் வழி கிடைக்கும். பூட்டுக்குப் பதிலாக உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் போதும். மாடியேறித் திருட வருகிறவன் படிக்கட்டு வழியாகத்தான் வருவான் என்று செயலாளர் வாதாடினால், தாழ்ப்பாளோடு ஒரு மணியைக் கட்டிவிடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. கான்கிரீட் எரியாது, உண்மைதான். மெத்தை எரியும், சோபாவின் பஞ்சு எரியும், திரை, பிளாஸ்டிக் நாற்காலி, மின்கம்பியின் உறை, கீழே நிற்கும் வண்டிகளின் டயர், இருக்கை எல்லாம் எரியும். இவை எரியும்போது வருவது விறகுப் புகை இல்லை. கார்பன் மோனாக்சைடு கலந்த கரும்புகை. அந்த வாயுவுக்கு மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாது, இன்னும் ஆழமாகத் தூங்க வைத்துவிடும். தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது புகைதான். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டு முன்பக்கம் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன, புகை மாடிப்படி வழியாக ஏறி மேலே விடுதியில் தங்கியிருந்த எட்டுப் பேரைக் கொன்றது. 2025 மே மாதம் ஹைதராபாத்தில் சார்மினாருக்கு அருகே கீழே கடைகளும் மேலே வீடுமாக இருந்த ஒரு பழைய கட்டடம் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். இறங்கிவர அங்கே ஒடுக்கமான ஒரே மாடிப்படிதான் இருந்தது. கணவரிடம் இந்த மூன்றையும் சொல்லுங்கள். எரிந்த இடமும் ஆட்கள் இறந்த இடமும் வேறு வேறு என்பது அவருக்குப் புரியும்.

உங்கள் கட்டடத்தின் அமைப்பு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது. தமிழ்நாட்டில் பாதிக் குடியிருப்புகள் அப்படித்தான். மாடிப்படிக்கு அடியில் வரிசையாக மீட்டர்கள், அவற்றுக்குக் கீழே மழையில் நனையாமலிருக்க நிறுத்திய இருசக்கர வண்டிகள், வண்டிகளுக்கு இடையில் பழைய செய்தித்தாள் கட்டு, உடைந்த மர அலமாரி, கொலுப்படி. தீ பிடிக்கத் தேவையானதும் பெட்ரோலும் ஒரே இடத்தில். நீங்கள் தப்பிக்க இருக்கும் ஒரே வழி அதற்கு மேலே. திட்டம் போட்டு வைத்தாலும் இவ்வளவு மோசமாக வைக்க முடியாது. போன மாதம் நடந்தது விபத்து என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். நான் அதை முன்னறிவிப்பு என்பேன்.

சங்கக் கூட்டத்தில் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்பதானால் இதைக் கேளுங்கள்: மீட்டர்களைச் சுற்றி ஒரு வண்டியும் நிற்கக் கூடாது, ஒரு பொருளும் கிடக்கக் கூடாது. யாராவது மின்சார ஸ்கூட்டரை அங்கே சார்ஜ் போட்டால் வேறிடம் காட்டுங்கள். திறந்தவெளிச் சுவரோரம், அதற்கென்று தனி வயரும் எம்சிபியும் (சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டு, நல்ல எர்த்தோடு, வண்டி நிறுவனமே கொடுத்த சார்ஜரில், முடிந்தவரை ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில். லித்தியம் பேட்டரியின் ஒரு செல் சூடாகி வெடித்தால் அடுத்த செல்லையும் அது சூடாக்கும். அணைந்தது போலிருந்து மறுபடி எரியும். மணலால் அதை மூடி அடக்கிவிட முடியாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அது எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

ஒரு விஷயத்துக்காக உங்கள் கீழ்வீட்டுக்காரர்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். மின் மீட்டர்களுக்கு அருகே எரிந்த தீயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டா ஊற்றினார்கள்? அன்று தப்பியது அதிர்ஷ்டம். எந்த மெயின் எந்த வீட்டுக்கு, மொத்தக் கட்டடத்துக்கும் எது என்று பெயிண்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 101-க்கு யாரும் அழைக்கவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். நாமே அணைத்துவிட்டோம் என்றாலும் அழைத்திருக்க வேண்டும். தீக்காக வருவதற்கு எங்கள் துறை ஒரு பைசா வாங்குவதில்லை. வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிப் போவதில் எந்தத் தீயணைப்பு வீரருக்கும் வருத்தமில்லை. தாமதமாக வந்து சேர்வதில்தான் வருத்தம்.

அழைக்கும்போது முகவரியை எப்படிச் சொல்வது என்பதையும் வீட்டில் எல்லோரும் பழக வேண்டும். "பிள்ளையார் கோயில் தெருவில் தீ, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். ஒரே ஊரில் ஆறு பிள்ளையார் கோயில் தெரு இருக்கும். ஊர், நகர், தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பள்ளியோ தண்ணீர்த் தொட்டியோ, எத்தனையாவது மாடி, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா, எரிவது வண்டியா சிலிண்டரா. எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பிறகு ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சுமந்த வண்டி தவறான தெருவில் நுழைந்துவிட்டால் திருப்பி எடுப்பது லேசான காரியம் இல்லை. 101 கிடைக்காவிட்டால் 112.

புகை வந்துவிட்டால் என்ன செய்வது? உங்கள் வீட்டுக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாமியார் வேகமாக நடக்க மாட்டார். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, திறந்ததும் படிக்கட்டில் கரும்புகை திரண்டிருந்தாலோ இறங்காதீர்கள். மூன்று மாடி இறங்க ஒரு நிமிடம் போதும் என்று தோன்றும். அந்தப் புகையில் சில மூச்சுகளிலேயே கால் துவண்டுவிடும். கதவை மூடுங்கள். ஈரத் துண்டுகளைக் கதவின் அடி இடுக்கில் திணியுங்கள். எல்லோரும் படிக்கட்டிலிருந்து தள்ளியிருக்கும் பால்கனிக்குப் போங்கள். போகிற வழியிலுள்ள கதவுகளையும் மூடிக்கொண்டே போங்கள். பால்கனியில் நின்று போனில் சொல்லுங்கள், துண்டை வீசிக் காட்டுங்கள். மூன்றாவது மாடிக்கு ஏணி எட்டும். புகை இலேசாக இருந்து இறங்க முடியும் என்றால், குனிந்து, சுவரைத் தொட்டபடி, மாமியாரை நடுவில் விட்டு இறங்குங்கள். பீரோவைத் திறக்கப் போகாதீர்கள். உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால் அதைத் தொடவே கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனை தீப்பிடித்தபோது இறந்தவர்களில் பலர் லிஃப்டுக்குள் சிக்கியவர்கள்.

பால்கனி என்றதும் அடுத்த கவலை வருகிறது. அதையும் முழுக்க இரும்புக் கம்பியால் அடைத்திருப்பீர்கள், குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து. அடைத்தது தப்பில்லை. அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பகுதியைக் கீல் போட்டுத் திறக்கும்படி வெல்டிங் பட்டறைக்காரரிடம் மாற்றி வாங்குங்கள். அதன் சாவிக்கும் பக்கத்திலேயே ஓர் ஆணி.

தீயணைப்பானுக்கு வருகிறேன். வீட்டுக்கு ஏபிசி வகைத் தூள் தீயணைப்பான் போதும். திடப்பொருள், எரியும் திரவம், வாயு என மூன்று வகைத் தீக்கும் ஆனது அது. நான்கு கிலோ நல்லது. மாமியாரும் தூக்க வேண்டும் என்றால் இரண்டு கிலோ. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். அடுப்பு எரியும்போது அதை எடுக்க நெருப்பைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். சமையலறையை விட்டு வெளியே வரும் வாசலருகே மாட்டுங்கள். பின்னை இழுத்து, குழலைச் சுடரின் அடிப்பகுதிக்குக் காட்டி, பிடியை அழுத்தி, இப்படியும் அப்படியுமாக வீச வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, சுடரின் உச்சிக்குத் தூள் அடிப்பது. இரண்டு கிலோ தீயணைப்பானில் உங்களுக்குக் கிடைப்பது பத்து விநாடிக்குள்தான். அதற்குள் அணையாத தீயை விட்டுவிட்டு வெளியேற வேண்டும். ஒருமுறை அழுத்திவிட்டால், பாதி மிச்சமிருந்தாலும், மறுபடி நிரப்பித்தான் மாட்ட வேண்டும். தூள் அடியில் இறுகாமலிருக்க மாதம் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்குங்கள்.

ஆனால் நம் சமையலறையில் தீயணைப்பானுக்கு முன்னால் கைக்கு வரவேண்டியது ஒரு தட்டு. அப்பளம் பொரிக்கிற எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பெரிய தாம்பாளத்தையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடுங்கள். ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடாதீர்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியும், எரியும் எண்ணெயையும் சேர்த்துக் கூரைவரை எறியும். சமையலறையில் நைலான் புடவையும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம் என்று சொன்னால் பெண்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. அப்படியே படுத்து உருள வேண்டும். தீக்காயத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். மையும் பற்பசையும் மாவும் பூசிக்கொண்டு வந்தால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனைதான் மிச்சம்.

மாமியார் சொல்லும் இரண்டாவது சிலிண்டர். இடம் இருந்தால் காற்றோட்டமான பால்கனியில், வெயில் படாமல், நிமிர்த்தி, மூடியைப் பூட்டி வையுங்கள். அடைத்த அலமாரிக்குள் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அந்த மணம்கூட வாயுவுடையது இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது. மணம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். புகைபோக்கி விசிறியைப் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் பொறி. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் கைப்பிடிக்கடியில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடு அது. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தத் தேதி கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 2000 வாட் கெய்சர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் அவ்வளவே. இரண்டையும் ஆறு ஆம்பியர் நீட்டிப்புப் பெட்டியில் செருகுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்காகும். எம்சிபி அதிகச் சுமையைப் பிடிக்கும், ஆர்சிசிபி என்ற இன்னொரு சுவிட்ச் மின்கசிவைப் பிடிக்கும். தளர்ந்துபோன ஒரு திருகை இரண்டும் பிடிக்காது. அது நாள் கணக்கில் சத்தமில்லாமல் கருகிக்கொண்டிருக்கும். ஆகவே ஏசி ஓடி அரைமணி கழித்து அதன் பிளக்கை மேலாகத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, மீன் வாடை போல ஒன்று வந்தாலோ அன்றே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கடைசியாக, தீயணைப்புத் துறையினர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? தாங்களாக வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் குடியிருப்புகளைப் பொறுத்தவரை, 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த அடுக்குமாடிகளுக்குத்தான் துறையின் தடையின்மைச் சான்று பற்றிய பேச்சே எழும். உங்களைப் போன்ற மூன்று மாடிக் கட்டடங்களை யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சட்டத்தில் இது ஓட்டை என்பது என் சொந்தக் கருத்து, பணியில் இருந்தபோது இதை எழுத முடியாது. ஆனால் அழைத்தால் வருவார்கள். சங்கத்தின் பெயரில், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் நிலைய அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். போன மாதம் நடந்ததைச் சொல்லி, செயல்விளக்கம் நடத்தித் தரும்படி கேளுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது. அந்த வாரத்தில் பள்ளி, மருத்துவமனை என்று அவர்களுக்கு நிற்க நேரமிருக்காது. வேறு மாதத்தில் கேட்டால் நிதானமாக வந்து செய்வார்கள். எரியும் சிலிண்டரை ஈரச் சாக்குப் போட்டு அணைத்துக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு நீங்களும் அப்படியே செய்யக் கிளம்பிவிடாதீர்கள். வாயுவை மூட முடியாதபோது சுடரை மட்டும் அணைத்தால், அறை முழுக்க வாயு நிறைந்து அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். எப்போது அணைக்க வேண்டும், எப்போது விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். நல்ல அலுவலராக இருந்தால் அந்தக் கேள்வியில் முகம் மலர்வார்.

வருகிறவரை அப்படியே கட்டடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். வண்டி தெருவுக்குள் நுழையுமா, கேபிள் கம்பிகள் தாழ்ந்து தொங்குகின்றனவா, ஏணியை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று அவர் கண் தானாகவே அளந்துகொள்ளும். பக்கத்து மாடியில் கீற்றுக் கொட்டகை இருந்தால் அதையும் காட்டுங்கள். கீற்று என்றால் எங்கள் துறையில் எல்லோருக்கும் 2004 ஜூலை 16 நினைவுக்கு வரும். கும்பகோணத்தில் பள்ளி தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்த நாள். அங்கும் கூரை கீற்று, இறங்கும் வழி ஒடுக்கம். தீபாவளிக்கு முன்பே அந்தக் கொட்டகைக்காரரிடம் அலுவலரையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவதைவிடச் சீருடை பேசினால் காது கேட்கும்.

கடிதத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மகனையும் அழைத்துப் போங்கள். அவசர அழைப்பு ஏதும் இல்லாத நேரமானால் அவனை வண்டியில் ஏற்றிக் காட்டுவார்கள். சைரனை அழுத்தட்டுமா என்று கட்டாயம் கேட்பான். அதற்கு மட்டும் அனுமதி கிடைக்காது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.